சுண்ணாம்பு வட்டம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கிற வரிசைவீட்டு லயத்தில் யாரையாவது கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். பெயர் நாகரத்தினம். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாகக் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். மலைக்கு மலை லோரியை நிறுத்தி, கொழுந்தை எடை போட்டு ஏற்றும்வரை காத்துக் கிடக்கிற பிழைப்பு இது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும் இந்த வாயை யாராவது தைத்து வைத்திருந்தால் சிங்காரத்துக்கு இன்றைக்கு இரண்டு காலும் இருந்திருக்கும்.

சிங்காரம் என்னைப் போல இல்லை. ஊமைக்கோட்டான். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டே வரும். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஆள் ஒல்லி, ஐம்பது கிலோ தாண்டமாட்டான். வேலை கவாத்து வெட்டுவது. தேயிலையை அதன் இஷ்டத்துக்கு விட்டால் மரமாக வளர்ந்துவிடும். அதனால் சில வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மலை முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கி விடுவார்கள். அதுதான் கவாத்து. சிங்காரம் கத்தியை வீசினால் ஒரு வீச்சுதான், இரண்டாவது வெட்டு கிடையாது. சாய்வாக வெட்டுவான். "நேரா வெட்டுனா மழைத்தண்ணி நின்னு கட்டை அழுகிரும்ண்ணே" என்பான். அவன் வெட்டிவிட்டுப் போன மலையில் நாங்கள் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்போம். ஒவ்வொரு கட்டையும் சீவிய பென்சில் மாதிரி நிற்கும்.

இப்படிப்பட்டவன் எப்படி வானத்தில் பறக்கப் போனான் என்று கேட்டால், அதற்கு எங்கள் சின்னதுரைதான் காரணம். தோட்டத்து உதவி மேனேஜர், காலின் என்று பேர். இங்கிலாந்திலிருந்து வந்த இளவட்டம். வரும்போதே ஒரு நீளப் பையைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். பிரித்தால் அலுமினியக் குழாயும் நீலத் துணியுமாக ஒரு பெரிய இறக்கை. அதன் அடியில் தொங்கிக்கொண்டு, கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையிலிருந்து ஓடிக் குதித்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும். எஞ்சின் கிடையாது, ஒன்றும் கிடையாது. துரைமார் அதை ஹேங் கிளைடர் என்பார்கள். லயத்தில் அதற்குக் காத்தாடி என்றே பேராகிவிட்டது.

அந்தப் பையை மலையுச்சிக்கு ஏற்றியது என் லோரி. தூக்கிச் சுமந்தது சிங்காரம். முதல் நாள் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் சின்னதுரை. ஒரு காற்று வந்தது. சிங்காரம் தரையிலிருந்து ஒரு முழம் மேலே போனான். வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்று கத்திக் கையை விட்டிருப்பான். இவன் விடவில்லை. சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். முதலில் சின்னச் சரிவு, பத்தடி உயரம். பிறகு இருபது, பிறகு ஐம்பது. கடைசியில் பன்னிரண்டாம் நம்பர் மலையுச்சி. அங்கிருந்து பார்த்தால் ஆயிரம் அடி கீழே ஃபாக்டரி, அதற்குப் பின்னால் ஆற்றோரமாகப் பந்து விளையாடுகிற திடல். எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்ல அந்தத் திடல் ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் சரிவு, பள்ளம், பாறை. ஆகவே பறக்கிறவன் இறங்கினால் அங்கேதான் இறங்க வேண்டும்.

கியா பார்மில் காய்கறி போடுகிற ஆ லியோங் என்கிற சீனரும் சொந்தமாக ஒரு இறக்கை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சின்னதுரை, ஆ லியோங், சிங்காரம் மூன்று பேரும் பறப்பவர்கள். நான் பறக்கவில்லை. எனக்கு நாற்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். ஆனால் என் வேலை சாமானியமானது இல்லை. இறக்கையை உச்சியில் இறக்கிவிட்டு, இருபத்தைந்து நிமிடம் வளைந்து வளைந்து லோரியைக் கீழே ஓட்டி, திடலுக்குப் போய், ஆடு மாடு ஆள் யாரும் இல்லை என்று பார்த்து, ஒரு மூங்கிலில் சிவப்புத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டும். துணி தெரிந்தால்தான் மேலே இருப்பவன் ஓடிக் குதிப்பான்.

துணி எதற்கு என்றால், இந்த இறக்கை நேராகக் கீழே இறங்குவதில்லை. ஃபாக்டரிப் பக்கமாகத் தாழ வந்து, கோல் போஸ்டுக்கு மேலே தலை உயரத்தில் நுழைந்து, திடலின் நீளம் பூராவும் வேகமாகச் சறுக்கிக்கொண்டு வந்து, அந்தக் கோடியில்தான் கால் ஊன்றும். வழியில் ஒரு கோழி நின்றாலும் ஆபத்து. அதனாலேயே சின்னதுரை கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார், பறக்கிற நாளில் லயத்து ஆள் யாரும் திடல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று. மீறினால் மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் பேர் இல்லை. ஞாயிறு காலையில் பாதிப் பேர் ரிங்லெட் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள். மீதிப் பேர் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். சிங்காரம் வட்டம் போட்டு வட்டம் போட்டு வருவான், ஃபாக்டரிக் கூரைக்குப் பின்னால் மறைவான், அவ்வளவுதான். தோட்டத்தில் எல்லோரும் அவனை வானத்தில் பார்த்திருக்கிறார்கள். அவன் தரையில் இறங்குவதைப் பார்த்தவன் லயத்தில் நான் ஒருத்தன்தான்.

பறந்துவிட்டு வந்தால் என்னடா தெரிஞ்சது என்று கேட்பேன். ஏதோ சொர்க்கத்தைப் பார்த்தேன் என்பான் என்று எதிர்பார்த்தால், "ஏழாம் நம்பர்ல காளிமுத்து புடிச்ச வரிசை கோணலா போகுதுண்ணே. மேலருந்து பாத்தா நல்லா தெரியுது" என்பான். காளிமுத்து அவனோடு கவாத்து வெட்டுகிறவன். சாதாரணமாக அவனுடைய அதிகபட்சப் பேச்சு அது.

ஈப்போ பக்கம் ஒரு குன்றில் போட்டி வைத்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று பேர். போட்டி ஞாயிற்றுக்கிழமை. போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் முன்பு ஒருநாள் மலைக்கு வந்து சிங்காரம் பறப்பதைப் பார்த்திருந்தார். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் ஈப்போவில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை தருகிறேன், தங்க வீடும் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சிங்காரம் இதை என்னிடம் மட்டும், லோரியில் வைத்துச் சொன்னான்.

"மணிக்கட்டு போச்சுண்ணே. காலையில எந்திரிச்சா வெரல மடக்க முடியல. இன்னும் அஞ்சு வருஷம் கத்தி புடிச்சா கையி உருப்படாது. இது கெடைச்சா பவளத்த கூட்டிக்கிட்டு கீழ எறங்கிருவேன். நீங்க வெளிய சொல்லிராதீங்க."

வெளியே சொல்லாதே என்று என்னிடம் சொன்னான் பாருங்கள், அதைச் சொல்லுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அரை நாள் வேலை. மத்தியானம் கடைசியாக ஒரு தடவை மூவரும் பறந்து பார்ப்பது, நாலு மணிக்குள் முடித்து இறக்கைகளை லோரியில் கட்டி, மறுநாள் விடியற்காலையில் ஈப்போவுக்கு இறங்குவது என்று ஏற்பாடு.

காலையில் ஒன்பதாம் நம்பரில் கொழுந்து ஏற்றும்போது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். சிங்காரத்தின் மனைவி பவளமும் அதில் இருந்தாள். கொழுந்து கிள்ளுவதில் கெட்டிக்காரி. புருஷனுக்கும் சேர்த்து அவளே பேசுவாள். எனக்கு வாய் அரித்தது.

"என்னா பவளம், ஒன் புருஷன் நாளைக்கு ஈப்போல பெரிய பெரிய ஆளுங்க முன்னுக்கு பறக்கப் போறான். நீ இங்க கூடைய தூக்கிக்கிட்டு நிக்கிற?"

"அவரு என்னாண்ணே சொல்றாரு? நாளைக்கு ஈப்போ போறேன்னாரு. சோத்த கட்டிக் குடுன்னாரு. அவ்ளோதான்."

"அவன் எங்க சொல்லுவான்! ஜெயிச்சா ஈப்போலயே வேல. வீடு குடுக்கறாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு கடைசியா பறந்து திடல்ல எறங்குறான். ஒரு மாலைய போட்டு அனுப்பி வைங்களேன். நம்ம தோட்டத்துப் புள்ள, சும்மாவா?"

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் ஓ என்று கத்தினார்கள். பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

"தொரை வையமாட்டாராண்ணே? சரி, எங்க நின்னா அவருக்கு எடஞ்சல் இல்லாம இருக்கும்?"

கேட்க வேண்டிய கேள்வியை அவள் சரியாகத்தான் கேட்டாள். நான் கியரைப் போட்டுக்கொண்டே பல்லைக் காட்டினேன். "தொரைகிட்ட நான் பேசிக்கறேன் லா. எலெக்சனுக்கு அந்த மந்திரி எலிகாப்டர்ல வந்தாரே, அன்னிக்கு எப்படி நின்னீங்க? அப்படியே நில்லுங்க, போதும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். நாலு மணிக்கு முன்னால் நான்தான் கீழே திடலுக்கு வந்துவிடுவேனே, வந்தவர்களை ஓரமாக ஆற்றங்கரைக் கல்லில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. சின்னதுரையிடம் சொல்லவில்லை. சிங்காரத்திடமும் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூறுகெட்டவன் நான்.

இரண்டு மணிக்கு உச்சியில் இருந்தோம். சின்னதுரை முதலில் பறந்தார். நான் கீழே போய்த் துணியைப் பிடித்தேன். திடலில் ஈ காக்காய் இல்லை. அவர் இறங்கியதும் அவரையும் இறக்கையையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே. வந்து சேரும்போது மணி மூன்று. அதற்குள் ரிங்லெட் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கள் மலையில் அது வந்தால் பத்து நிமிடத்தில் கை நீட்டினால் கை தெரியாது. கீழே பள்ளத்தில் துண்டு துண்டாக வெள்ளை படிந்திருந்தது. ஃபாக்டரிப் புகைக்குழாய் தெரிந்தது, திடல் தெரியவில்லை.

ஆ லியோங் வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். தன் இறக்கையை விரிக்கவே இல்லை. "எனக்கு வேணாம் லா. நாளைக்கு பறக்கலாம்" என்றார்.

சிங்காரத்தின் இறக்கை ஏற்கனவே விரித்துத் தயாராக இருந்தது. அவன் வாரை மாட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்த ஒரு தடவை வேண்டியிருந்தது. போன ஞாயிறு இறங்கும்போது கால் இடறிவிட்டது, அதைச் சரிபண்ணாமல் ஈப்போ போகக் கூடாது என்று இரண்டு நாளாக அவனுக்கு அதே நினைப்பு.

சின்னதுரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும். "சிங்காரம், போறதுன்னா இப்ப போகணும். கால் மணி கழிச்சு முடியாது" என்றார்.

சிங்காரம் என்னைப் பார்த்தான். "கீழ துணி புடிக்க ஆள் இல்லையேண்ணே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. நாலு மணிக்குத்தானே வரச் சொன்னோம், இந்நேரம் குளித்துத் தலை சீவிக்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இப்போதாவது வாயைத் திறந்து, டேய், இன்றைக்கு ஆள் வரும்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்னதுரை முன்னால் திட்டு வாங்க வேண்டும். வாய் ஜாஸ்தி என்று பேரெடுத்தவன், பேச வேண்டிய அந்த ஒரு நேரத்தில் மட்டும் பயந்துகொண்டு முழுங்கிவிட்டேன்.

"இப்பத்தானே பாத்துட்டு வந்தேன். ஒருத்தரும் இல்ல. நீ போ" என்றேன்.

போ என்று நான்தான் சொன்னேன். அவன் கொக்கியை இழுத்துப் பார்த்தான், சின்னதுரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், ஆறு எட்டு வைத்து ஓடினான், போய்விட்டான்.

அழகாகத்தான் போனான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வலது பக்கம் சாய்ந்து, பன்னிரண்டாம் நம்பர் மூலையில் கொஞ்சம் காற்றைப் பிடித்து ஏறி, திரும்பி ஃபாக்டரியை நோக்கி இறங்கினான். அப்போது கீழேயிருந்த பனி ஆற்றுப் பக்கமாக நகர்ந்தது. திடல் தெரிந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சைத் திடலில் கலர் கலராக ஒரு பெரிய வளையம். நடுவில் ஒரு வெள்ளை வட்டம். ஆ லியோங்கிடம் தூரம் பார்க்கிற கண்ணாடி இருந்தது, பிடுங்கி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஜனம். தோரணம் கட்டுவதற்காக நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறார்கள். லயத்தில் ஒரு ஆள் பாக்கியில்லை. திடலைச் சுற்றிச் சாமி ஊர்வலத்துக்கு நிற்பதுபோலச் சேலை கட்டி, வேட்டி கட்டி, தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ஒரு கோல் போஸ்டிலிருந்து மறு கோல் போஸ்டுக்குக் கோவில் திருவிழாவுக்குக் கட்டுகிற கலர் தாள் தோரணம் இரண்டு வரிசை. பந்து ஆட்டத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பை எடுத்துத் திடல் நடுவே ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குள் ஒரு குருவிகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

மந்திரியின் ஹெலிகாப்டர் வந்த அன்றைக்கும் இப்படித்தான். சுற்றி ஜனம், நடுவில் வட்டம். அது வானத்திலிருந்து நேராக இறங்கி வட்டத்துக்குள் உட்கார்ந்தது. நான் சொன்னதை அவர்கள் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தார்கள்.

சின்னதுரை என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "யாரு வரச் சொன்னது?" என்றார். நான் விளிம்புக்கு ஓடினேன். "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்தினேன். ஆயிரம் அடி கீழே இருப்பவர்களுக்கு யார் கத்தி என்ன கேட்கும். லோரியில் ஓடலாம், இருபத்தைந்து நிமிடம். அவன் ஐந்து நிமிடத்தில் தரையில் இருந்தாக வேண்டும். ஃபாக்டரியில் போன் இருக்கிறது, உச்சியில் என்ன இருக்கிறது? புல் இருக்கிறது.

லோரியில் ஏறி ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். அந்தச் சத்தம் மலையில் மோதிக் கீழே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஜனமெல்லாம் மேலே திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். நாகரத்தினம் மேலேயிருந்து ஹாரன் அடித்து வழியனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவரை சும்மா இருந்த தப்பு மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். டண்டணக்கு டண்டணக்கு என்று அந்தச் சத்தம் மட்டும் எங்களுக்குத் தெளிவாக ஏறி வந்தது. நான் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சிங்காரத்துக்குத் தெரிந்துவிட்டது. இறங்க வந்தவன் இறங்காமல் திடலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றினான். ஒரு கையை விட்டு, விலகு விலகு என்று வீசினான். கீழே இருந்தவர்கள் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி வீசினார்கள். இன்னும் கொஞ்சம் தாழ வந்து இன்னொரு சுற்று. கத்தியிருப்பான். பேசாதவன் அன்றைக்கு எவ்வளவு கத்தினானோ, எனக்குத் தெரியாது. தப்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஆ லியோங், "சுத்தாதே, சுத்தாதே, ஒன்பதாம் நம்பருக்குப் போ" என்று மலாயில் முனகிக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நம்பர் கவாத்து வெட்டாத மலை. தேயிலை இடுப்பளவுக்கு அடர்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், மேலே விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். ஆனால் அங்கே போக உயரம் வேண்டும். அந்த உயரத்தை எல்லாம் அவன் ஜனத்தை விலகச் சொல்லியே செலவழித்துவிட்டான்.

மூன்றாவது தடவை வந்தே ஆக வேண்டியிருந்தது. ஃபாக்டரிக் கூரையை ஒட்டித் தாழ்ந்து, கோல் போஸ்டுக்கு நேரே வந்தான். வளையத்தில் அந்தப் பக்கம்தான் முன்வரிசை. அங்கே ஆரத்தித் தட்டோடு மஞ்சள் சேலையில் பவளம் நின்றாள். அப்படியே வந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். நாலைந்து பேருக்கு எலும்பு உடைந்திருக்கும், ஒருவேளை ஒன்றிரண்டு உயிர் போயிருக்கும், இவன் தப்பித்திருப்பான். கம்பியை முன்னால் தள்ளினான். இறக்கை மூக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே, தோரணத்துக்கும் மேலே எழும்பியது. வட்டத்தைத் தாண்டியது. ஆற்றைத் தாண்டியது. அதற்கப்புறம் அதில் வேகம் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை. மூன்று வாரமாக அவனும் காளிமுத்துவும் கவாத்து வெட்டி முடித்த மலை. நீலத் துணி அதன்மேல் மெதுவாகப் படுப்பதுபோலத்தான் மேலிருந்து தெரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. தப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. அது நின்றபோதுதான் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சின்னதுரை என் சட்டையைப் பிடித்துத் தூக்கி லோரியில் ஏற்றினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜனம் ஆற்றைக் கடந்து அவனைத் தூக்கிவிட்டிருந்தது. அவனுக்குப் போடக் கொண்டுவந்த மாலை யாரோ ஒருத்தர் கழுத்தில் சுற்றிக் கிடந்தது. தூக்குவதற்குத் தோரணக் கயிற்றையும் மூங்கிலையும் வைத்துப் படுக்கை கட்டியிருந்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்த காயம். அவன் விழுந்தது அவனே வெட்டிய வரிசையில். காளிமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். தான் வெட்டியிருந்தால் இவ்வளவு கூராக இருந்திருக்காது என்று அவனே சொன்னான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இங்கே முடியாது, ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் மறுநாள் விடியற்காலையில் கிளம்பியது. நாங்கள் போட்டிக்குக் கிளம்ப வைத்திருந்த அதே நேரம், அதே ரோடு. தாப்பா வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவன் பல்லைக் கடித்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவளம் முன்னால் டிரைவர் பக்கத்தில்.

காலை எடுத்துவிட்டார்கள். எடுத்த மூன்றாம் நாள் பவளம் தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நம்பரில் கொழுந்து ஏற்றும்போது பேசியது, மந்திரி, ஹெலிகாப்டர், நாலு மணி, உச்சியில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். என்னை அடிடா என்றேன். காறித் துப்புடா என்றேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அந்த வட்டத்த யாரு போட்டாண்ணே?"

"பவளம்."

அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அவகிட்ட சொல்லிராதீங்க. லயத்துலயும் யாருகிட்டயும் வேணாம். அவங்கனாலதான்னு தெரிஞ்சா ஒருத்தரும் சோறு திங்கமாட்டாங்க. காத்து தள்ளிருச்சுன்னு சொல்லிருங்க."

"என் மேல போட்டுர்றேன்டா. நான்தான் சொன்னேன்னு சொல்லிர்றேன்."

"நீங்க சொன்னது அவளுக்கும் தெரியும்ல? உங்க மேல போட்டா அது அவ மேலயும் வந்து நிக்கும். வேணாம்ண்ணே."

அன்றைக்கு லோரியில் பேசியதற்கு அப்புறம் இப்போதுதான் அவன் அவ்வளவு நீளமாகப் பேசினான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சின்னதுரை அந்த மாதக் கடைசியில் இங்கிலாந்துக்கே போய்விட்டார். ஆ லியோங் தன் இறக்கையை விற்றுவிட்டார் என்று கேள்வி. கங்காணி பழனியப்பன் ஒருநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும், காத்துதான் தள்ளிருச்சு, விதி என்றார். ஜனமும் அப்படியே நம்பிக்கொண்டது. தோட்டத்தில் சிங்காரத்துக்கு ஃபாக்டரி கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். எதிரே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் தெரியும். வெட்டிய செடியெல்லாம் தளிர்த்து இப்போது இடுப்புயரம் வந்துவிட்டது.

நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தக் கேட்டைத் தாண்டுகிறேன். ஆறு தடவையும் ஏதாவது பேசுவேன், மழை, கொழுந்து, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியின் புது மோட்டார் சைக்கிள், எதையாவது. பேசாமல் இருந்தால் அது வாயில் வந்துவிடும் என்று பயம்.

போன சனிக்கிழமை திடலில் பந்து ஆட்டம். கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள். பவளம் அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் லோரியை நிறுத்திக் கேட் திறப்பதற்காகக் காத்திருந்தேன். அவள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, லோரிக் கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு ஆறவே மாட்டேங்குதுண்ணே. நீங்க சொன்ன மாதிரியேதான் நின்னோம். எத்தன சனம், ஒரு ஆளு கூட வட்டத்துக்குள்ள கால் வைக்கல. நான் வைக்க விடல. இவரு கொஞ்சம் பாத்து வந்திருந்தா நடுவுல எறங்கியிருக்கலாம்ல? அவ்ளோ எடம் விட்டு வச்சிருந்தோமே."

நான் சிங்காரத்தைப் பார்த்தேன். அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "காத்துதான்."

சிங்காரம் பாத்திரத்தை மூடிக் கீழே வைத்துவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டான்.